லேயிலிருந்து ஸ்ரீநகருக்கு ஒரு மணி நேரம்

அறுபதுகளின் கடைசியில் நான் வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் லேயில் ராணுவக் கிடங்கு ஒன்றில் எழுத்தராக இருந்தேன். காஞ்சிபுரத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். நான் நேரில் வந்து பெண் பார்க்க ஐப்பசியில் ஒரு நல்ல நாள் குறித்து, அதற்குள் வந்து சேரும்படி அப்பா கடிதம் போட்டார். உற்சாகத்தில் பதில் எழுதினேன்: 'இங்கிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கவலை வேண்டாம்.'

அதற்கு மேல் பஸ், ரயில் என்று ஐந்தாறு நாள் பயணம் இருப்பதை எழுத விட்டுப் போயிற்று. அப்பா அந்தக் கடிதத்தைச் செவிலிமேட்டில் பெண் வீட்டுக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டார்.

லீவு கிடைத்ததும் டிரங்குப் பெட்டியோடு விமானத் தளத்துக்குப் போனேன். அங்கே காலையில்தான் விமானம் இறங்கும். வெயில் ஏறினால் பலத்த காற்று இறங்க விடாது. அன்று எங்கள் வானம் பளிச்சென்று இருந்தது, ஸ்ரீநகரில் மேகமாம். மறுநாள் அங்கே வெயில், இங்கே பனி. மூன்றாம் நாள் தலைக்கு மேல் இரைச்சல் கேட்டது. எல்லோரும் கையாட்டினோம். விமானம் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நேர்கோட்டில் பார்த்தால் மெட்ராஸிலிருந்து சேலத்துக்குப் போகிற தூரம்கூட இல்லை. ஆனால் தரைவழிக் கணவாயையும் பனி மூடியிருந்தது.

ஒன்பது நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தேன். கிடங்குச் சமையற்காரர் நான் திரும்பி வருவதைக் கண்டாலே சிரித்துக்கொண்டு எனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தார். பத்தாம் நாள்தான் ஏறினேன்.

காஞ்சிபுரத்தில் இறங்கியபோது குறித்த நாள் போய் ஒரு வாரம்.

"கேசரி கிண்டி வெச்சிக்கினு பொழுது சாயற வரைக்கும் காத்திருந்தாங்கபா. மானமே போச்சு" என்றார் அப்பா. அன்று மாலையே என்னைப் பெண் வீட்டுக்கு இழுத்துப் போனார்.

பெண்ணின் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார். "ஏம்பா, பிளேன்ல ஒரு மணி நேரம்னு எழுதினே. இத்தினி நாளா எங்க சுத்திக்கினு இருந்தே?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பெண்ணே உள்ளேயிருந்து அட்லஸோடு வந்துவிட்டாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

"நைனா, அன்னிக்கே சொன்னேனே! ஒரு மணி நேரம் இந்தப் புள்ளிலேர்ந்து இந்தப் புள்ளிக்கு. நம்ம ஊரு பாரு, எங்க கீழ இருக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நடுவுல மலைதானே? பிளேன் மலைக்கு மேல போவுமா, ஊடால போவுமா?"

"சில எடத்துல ஊடாலதாங்க. ரெண்டு பக்கமும் பாறை தெரியும்."

"பயமா இருக்காதா?"

"இருந்துது. கண்ண மூடிக்கினேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மிலிட்டரிக்காரன் இப்படிச் சொல்லலாமா என்று அப்பா என் காலை மிதித்தார். பெண்ணின் அப்பாவோ, "பையன் உள்ளதச் சொல்றான்" என்று பாயை விரித்துப் போட்டார்.

மிச்ச லீவுக்குள்ளேயே கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். முகூர்த்தப் புடவையைப் பெண்ணின் அப்பாவே நெய்தார். 'இத்தினி நாளா' என்று என்னைக் கேட்டவர், கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம்தான் அதைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தார்.