வெயிலில் போட்ட தகரம்

நான் அதுவரை பார்த்த பாம்புகள் இரண்டே வகைதான். ஓடிக்கொண்டிருந்தவை, அடிபட்டுக் கிடந்தவை. எங்கள் தெருவில் பாம்பு என்று ஒரு குரல் கேட்டால் போதும், கம்போடு நாலு பேர் வருவார்கள், செல்போனோடு பத்துப் பேர் வருவார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். விலங்கியல் படித்துவிட்டு, செஞ்சியில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு ஒரே ஓர் ஆசை. யாருக்கும் பயப்படாமல், தன்பாட்டுக்குச் சும்மா இருக்கிற ஒரு பாம்பைப் பார்க்க வேண்டும்.

கல்லூரியில் இந்த ஆசை இரண்டு பேருக்கு இருந்தது. எனக்கும், கூடப் படித்த அவளுக்கும். சனிக்கிழமையானால் அனந்தபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவாள். கோட்டை மலைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கொல்லையில் வரப்பு வரப்பாக, பாறை பாறையாகச் சுற்றுவோம். பொந்தைக் கண்டால் உட்கார்ந்து காத்திருப்போம், அவள் எப்போதும் என் இடப்பக்கம். கிடைத்ததெல்லாம் உரித்துப் போட்ட சட்டைதான். எப்போதாவது பொந்துக்குள் மறைகிற ஒரு வால். "வாலுக்கு அரை மார்க் போட்டுக்கலாம்டி" என்பாள். பிறகு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. போய்விட்டாள்.

போன சித்திரையில் ஒரு வீடியோ அனுப்பினாள். புல்வெளி. நடுவெயிலில் ஒரு கறுப்புத் தகரம் கிடக்கிறது. அவள் கை அதை மெதுவாகத் தூக்குகிறது. அடியில், கழுத்தில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது. ஓடவில்லை. நாக்கை ஒருமுறை நீட்டிப் பார்க்கிறது. கை தகரத்தைத் திரும்ப வைக்கிறது. பாம்பு பார்க்கிறவர்கள் அங்கே இப்படித்தான் தகரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்களாம். எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. பாம்பைப் பார்த்த பிறகு அந்தக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். நகத்தில், எங்கள் கொல்லையில் சுற்றிய நாட்களில் இருந்த அதே மாதிரி மண்.

மறுநாளே ஆட்டுக் கொட்டாய்க் கூரையிலிருந்து ஒரு தகரத்தை உருவினேன்.

"எங்கடி இழுத்துனு போற அத்த?" என்றாள் அம்மா.

"பாம்புக்கும்மா. அது அடியில வந்து படுத்துக்கும்."

"ஆடு மழையில நனையணும், பாம்பு கூரைக்கடியில படுக்கணுமா? உங்க நைனா வரட்டும்."

நைனா வந்தார். கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் வீட்டுக் கல்யாண பேனரையோ கொண்டுவந்து ஓட்டைமேல் கட்டினார். அன்றிலிருந்து ஆடுகளுக்கு மேலே ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீடியோவில் பார்த்த மாதிரியே தகரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அதேபோல மரநிழல் படாத இடமாகப் பார்த்து, மல்லாட்டைக் கடலை பிடுங்கிய மேட்டில் போட்டேன். தினமும் போய் நீளக் கம்பியின் கொக்கியால் தூக்கிப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. வைகாசியில் எறும்புகூட அதன் அடியில் தங்கவில்லை. ஒருநாள் அவசரத்தில் கையாலேயே தூக்கப் போய் விரல் கொப்பளித்துவிட்டது. கொப்பளத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எங்கடி போட்டு வச்சிருக்க?"

"மேட்டுல. நல்ல வெயில்ல."

கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும் கேட்டது. "லூசு. இங்க பாம்பு சூட்டுக்கு ஏங்குதுடி, அதான் தகரத்துக்கடியில வருது. செஞ்சி வெயில்ல நீ அதுக்கு தோசைக்கல்லு போட்டு வச்சிருக்க."

இரண்டு பேரும் விலங்கியல். எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் செய்ததை அப்படியே செய்தால், அவள் பார்த்ததே எனக்கும் கிடைக்கும் என்றுதான் இருந்தேன்.

தகரத்தை மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில், புங்கமர நிழலுக்கு மாற்றினேன். குழாய்க் கசிவில் மண் எப்போதும் பொதபொதவென்று இருக்கும். முதலில் மரவட்டை வந்தது. ஆடியில் தேரைகள் குடியேறின. ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், கொக்கியால் தூக்கினேன்.

சுருண்டு படுத்திருந்தது. முதுகு முழுக்கத் திட்டுத்திட்டாகப் பழுப்பு. விரியன் என்று ஓரடி பின்வாங்கினேன். அப்புறம் வாலைப் பார்த்தேன். சட்டென்று முடிந்துபோகிற குட்டை வால். மண்ணுளி. விரியன் என்றே நினைத்து ஊரில் அடித்துப்போடுகிற, விஷமே இல்லாத பாம்பு. அது அசையவில்லை. விலா ஏறி இறங்குவது தெரிந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் கம்பும் இல்லை, கூட்டமும் இல்லை. ஈரமண் வாசனை மட்டும்.

"இன்னாடி அங்க பாத்துனு நிக்கிற?" வரப்பிலிருந்து அம்மா.

"தேரைம்மா," என்று சொல்லிவிட்டு, தகரத்தைச் சத்தம் வராமல் இறக்கினேன்.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். அங்கே குளிர் வந்துவிட்டது. பாம்பெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன, இனி வசந்தத்தில்தான் என்றாள். நான் காலையில் பார்த்ததைச் சொன்னேன்.

"ஓடலியா?"

"ஓடல. மூச்சு விடறது தெரிஞ்சுதுடி."

"வீடியோ?"

"எடுக்கல. கை அசைஞ்சா பயந்துடுமோன்னு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"மூடிட்டியா?" என்றாள்.

"மூடிட்டேன்."

"சும்மா சும்மா தூக்கிப் பாக்காத. வாரத்துக்கு ஒருவாட்டி போதும்."

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் போகிறேன். தூக்கும்போது தகரத்துக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கித்தான் நிற்கிறேன். இடப்பக்கம் அவள் உட்காருகிற இடம்.