அனிபால் யாருக்குப் பாடினார்?

எந்த இழவு வீட்டுக்குப் போனாலும் எடில்மா முதலில் சமையற்கட்டுக்குள்தான் நுழைவாள். அங்கே கறுப்புக் காபி ஊற்றும் பெண்களிடம் இறந்தவரைப் பற்றிய உண்மையான சேதி கிடைக்கும். மகதலேனா ஆற்றங்கரை ஊரின் வாரப் பத்திரிகைக்குப் பல வருடங்களாக அவள் அஞ்சலிக் கட்டுரை எழுதியது அப்படித்தான்.

படகோட்டி அனிபால் இறந்த வாரம் மழை விடாமல் கொட்டியது. எடில்மா போகவில்லை. அவர் பெயரையும் வயதையும் தொழிலையும் செல்பேசியில் ஏஐயிடம் கொடுத்தாள். மாலை நேரங்களில் அவர் ஆற்றோரம் பாடுவார், கேட்க ஆட்கள் நிற்பார்கள் என்று அது எழுதியது. படிக்க அழகாக இருந்ததால் அப்படியே அனுப்பிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது, அனிபாலின் மனைவி பெலர்மினா அவளை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனாள்.

"ஏன்டி எடில்மா, இத்தன வருசம் கூடவே படுத்தவ நான். குறட்டையத் தவிர அந்தாளு வாயில ஒரு ராகம் வந்ததில்ல. யாருக்குடி பாடுனாரு?"

எடில்மா சமாளிக்கப் பார்த்தாள். "யாரோ சொன்னாங்கக்கா..."

"பொம்பளையா?"

"ஞாபகமில்லக்கா."

உண்மையைச் சொன்னால் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் ஊர் சந்தேகப்படும் என்று பயந்தாள்.

பெலர்மினா இப்போது கணவரின் கல்லறைக்குப் போவதில்லை. படகுத்துறைக்குப் போய், வருகிற பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எடில்மா இன்னும் அவளிடம் எதையும் சொல்லவில்லை.