ஆடு தின்ற ரோலர் கோஸ்டர்

யுத்த காலத்தில் படுவான்கரையில் பௌதிகவியல் படிப்பிக்கிறதென்றால் சாமான் இல்லாமல் சமைக்கிற வேலை. என்னைப்போல மாட்டுப்பட்ட வாத்திமாருக்கு இது விளங்கும். வாவிக்கு இந்தப் பக்கம் பற்றரி கொண்டுவர ஆமி தடை. பற்றரி இல்லையென்றால் பாதிப் பாடம் படுத்துவிடும். செய்முறை காட்டாவிட்டால் உயர்தர வகுப்பை மூடுவேன் என்று கல்விக் கந்தோர் அதிகாரி சொல்லியனுப்பிவிட்டார். மூடினால் என் வகுப்பு நாலு பெண்பிள்ளைகளும் தோணி ஏறி, ஆமிக்காரன் மறித்துச் சோதிக்கிற சென்றி தாண்டி, டவுனுக்குப் போகவேண்டும். எந்தத் தாய் விடுவாள்? கடதாசியில் ரோலர் கோஸ்டர் கட்டுவோம் என்று துணிந்தேன். பழைய சோதனைத் தாள், நிவாரணக் கோதுமை மாவில் காய்ச்சின பசை, உருட்டிவிட ஒரு கண்ணாடிப் போளை. செலவே இல்லை.

எங்கே போகும்?

ரோலர் கோஸ்டரை நானே படத்தில் பார்த்ததோடு சரி. "ஏறி, இறங்கி, தலைகீழாச் சுத்தி, கடைசியில ஏறின இடத்துக்கே வந்து சேரும்" என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். நாலு பேரில் வாயாடி ஜெயந்தி. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கதிரவெளி பஸ்ஸும் அப்பிடித்தான் டீச்சர். சென்றியில திருப்பி விட்டா ஏறின இடத்துலதான் இறங்கணும்."

சுற்றிய நாள்

உச்சியில் போளைக்கு உயரத்தால் வருகிற அழுத்த சக்தி. இறங்க இறங்க அது இயக்க சக்தியாகும். வழியில் உராய்வு கொஞ்சத்தைத் தின்னும். அதனால் தொடங்குகிற இடம் தலைகீழாய்ச் சுற்றுகிற வட்டத்தைவிட நல்ல உயரமாய் இருக்கவேண்டும். போளை பாதி வட்டத்தில் விழ விழ, நாங்கள் சரிவைத் தாங்குகிற கடதாசித் தூணை உயர்த்திக்கொண்டே போனோம். ஒருநாள் முழுசாய்ச் சுற்றிவிட்டது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு அப்படியே பங்கருக்குள் பாய்ந்துவிட்டது. அந்த வகுப்பு மாஸ்டர் சேட்டில் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார்: "சந்தோசத்துக்குக் கத்துறதெண்டா முதல்ல சொல்லிப்போட்டுக் கத்துங்க டீச்சர்."

விருந்தாளி

செய்முறை பார்க்க அதிகாரி வாற அன்று காலை போய்ப் பார்த்தால், அரைச்சுவர் பாய்ந்து ஜெயந்தி வீட்டு ஆடு உள்ளே நிற்குது. தூண் ஒன்றுமில்லை. வட்டமும், சப்பின சரிவும்தான் மிச்சம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆட்டை இழுக்க வந்த ஜெயந்தியின் தாய் என்னை ஏசினாள்: "இடியப்பத்துக்கே மா இல்லாம நாங்க இரிக்கம். நீங்க அதைக் கடதாசில பூசி வெச்சா ஆடு சும்மா இரிக்குமா?"

உயரம் காணாது

அதிகாரி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "எங்க செய்முறை?" ஆட்டுக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. இதற்கிடையில் ஜெயந்தி வட்டத்தை நிலத்தில் ஒட்டி, சரிவின் மேல்நுனியைக் கையில் பிடித்து, போளையை விட்டாள். பாதியில் விழுந்தது. அறையில் ஆக உயரமானவர் அதிகாரிதான். நுனியை அவர் கையில் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. "இன்னும் காணாது சேர். மேசையில ஏறுங்க."

மனிசன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். போளை ஓடியது, முழுசாய்ச் சுற்றியது, நேரே போய் அவர் சப்பாத்துக்குள் விழுந்தது. "இன்னொருக்கா விடு" என்றார். தோணிக்காரன் வந்து கூப்பிடும்வரை இறங்கவேயில்லை. இறங்கி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "வகுப்பு நடக்கட்டும். ஆட்டைக் கட்டி வைங்க."

பற்றரி கிடைக்காத ஊரில் அழுத்த சக்தி வேண்டுமென்றால், வகுப்பை மூட வருகிறவரையே மேசையில் ஏற்றிவிட்டால் போதும் என்பதுதான் நான் கண்டுபிடித்த ஒரேயொரு விதி.