போதுமா, போதாதா?

நில அளவை அலுவலகத்தில் அவரை எல்லோரும் அரைமில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திரும்பப் போய் அளந்துவிட்டு வருகிற ஆள். பத்தொன்பது வருடம் கல்குவாரி, முட்புதர், கால்வாய்க் கரை என்று ஏறி இறங்கியவர், நாற்பத்திரண்டாம் வயதில் ஒரு கரை சரிந்ததில் கீழே விழுந்தார். வலது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. சமதரையில் நடக்க முடிந்தது. மேடு ஏற முடியவில்லை. இனி ஏறவே முடியாது என்று மூன்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அளவைக் குழுக்களை எங்கே, எப்போது அனுப்புவது என்று முடிவுசெய்யும் திட்டப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு நிர்வாகப் படிப்பு வேண்டும். "வேலை பாத்துக்கிட்டே படிங்க. காலேஜ்ல சேந்துட்டாலே அந்த சீட் உங்களுக்குத்தான்" என்றார் மேலதிகாரி. சேர்வதற்கு ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது.

"கணக்குதானே? மாமாவுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்றான் மச்சினன்.

மாமாவும் அப்படித்தான் நினைத்தார். முதல் முறை எழுதியபோது மூன்றில் ஒரு பங்கு கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லாமல் வெளியே வந்தார்.

அவரைக் கவிழ்த்தது ஒரு வகைக் கேள்வி. மேலே ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல்கள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம். கண்டுபிடிக்க அந்தத் தகவல் போதுமா போதாதா என்று மட்டும் சொன்னால் போதும். ஒரு செவ்வக மனையின் பரப்பளவு என்ன? ஒன்று, அதன் சுற்றளவு அறுபது மீட்டர். இரண்டு, அதன் நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு. இரண்டையும் சேர்த்தால் போதும் என்று குறித்துவிட்டு நகர வேண்டிய இடத்தில், அரைமில்லி இருநூறு சதுர மீட்டர் என்று கண்டுபிடித்து, இன்னொரு தரம் சரிபார்த்து, அடிக்கோடும் போட்டார். இருநூறு என்று குறிக்க அங்கே கட்டமே இல்லை.

இன்னொரு கேள்வியில் ஒரு முக்கோணம் வரைந்து, 'படம் அளவுப்படி வரையப்படவில்லை' என்று அடியில் போட்டிருந்தது.

"அளவில்லாம எதுக்குப் படம் போடறான்?" என்று வீட்டுக்கு வந்தும் பொருமினார். அவரைத் தனிப்பட்ட முறையில் யாரோ திட்டிவிட்டது போலிருந்தது அவருக்கு.

அவருடைய மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கணக்கில் பெரிய ஆர்வம் கிடையாது. ஆனால் மறு தேர்வுக்குப் பயிற்சிப் புத்தகத்தைக் கையில் எடுத்தவள் அவள்தான். தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம். சாப்பாட்டு மேஜையில் கைபேசியை நிறுத்தி வைத்து, கேள்விக்கு இரண்டு நிமிடம் என்று ஓடவிடுவாள். அவர் விடையைத் தேடிக் கணக்குப் போட ஆரம்பித்ததுமே, "பென்சில கீழ வைங்க" என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் படித்தாள்: "N அப்படிங்கறது ஒரு முழு எண். அது ஆறால மீதியில்லாம வகுபடுமா? ஒண்ணு, அது ஒத்தப்படை எண். ரெண்டு, அது மூணால வகுபடும்."

"முதல் தகவல் போதாது" என்றார் உடனே.

"ஏன்?"

"ஒத்தப்படைன்னா ஆறால வகுபடாதே."

"எப்பவுமே வகுபடாதா?"

"எப்பவுமே."

"அப்ப போதும்னுதானே அர்த்தம்?"

"எப்படிப் போதும்? வகுபடலையே!"

அவள் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். "வகுபடுமான்னு கேட்டாங்க. வகுபடாதுன்னு அடிச்சுச் சொல்ல முடியுதா இல்லையா? ஆமான்னு வந்தாத்தான் பதிலா? நிச்சயமா இல்லைன்னு தெரிஞ்சாலும் தெரிஞ்சதுதாங்க. இருக்கலாம், இல்லாமலும் போகலாம்னு இழுத்தாத்தான் போதாது."

அவர் இத்தனை நாளும் 'இல்லை' என்று வந்த இடத்திலெல்லாம் 'போதாது' என்றே குறித்துவந்திருக்கிறார். புத்தகத்தை இழுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். பதினோரு இடங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, "மூணு டாக்டரும் ஒண்ணுதான் சொன்னாங்க, இல்ல?" என்றார்.

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு அவர் பார்வை போன திசையைப் பார்த்தாள். அலமாரி மேல் எக்ஸ்ரே உறைகள் அடுக்கியிருந்தன.

"ஆமாங்க."

"நான்தான் அதைப் பதில்னு எடுத்துக்கல."

அவள் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நிறுத்தினாள்.

"வியாழக்கிழமை அந்தப் புது டாக்டர்கிட்ட நேரம் வாங்கினியே, வேண்டாம்னு சொல்லிடு" என்று எழுந்து குளியலறைக்குள் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அன்று அவள் கடைக்குத் தாமதமாகத்தான் போனாள்.

அலுவலகத்தில் அவருடைய அளவைக் கருவி எட்டு மாதமாக அவர் பீரோவிலேயே பூட்டிக் கிடந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் அளவையாளர் இன்னொருவரோடு ஒரே கருவியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அதைத் துடைத்து, பெட்டியில் வைத்து, அவள் மேஜைக்குக் கொண்டுபோனார்.

"உங்க கால் சரியானதும் திருப்பிக் குடுத்துடறேன், சார்."

"வேண்டாம்மா. நீயே வெச்சுக்க. இடதுபக்கத் திருகு கொஞ்சம் இறுக்கம், பாத்துத் திருப்பு."

சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை தேர்வை நான்கு நிமிடம் மிச்சம் வைத்து முடித்தார். மதிப்பெண் ஒன்றும் பிரமாதமில்லை. மொழிப் பகுதி காலை வாரியது. கல்லூரி கேட்ட எல்லையை நூலிழையில் தாண்டினார், அவ்வளவுதான். திட்டப் பிரிவில் நாற்காலி கிடைத்தது.

காலையில் அளவைக் குழுவின் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து ஜன்னல் பக்கம் போகிறார். வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்வரை நிற்கிறார். பிறகு உட்கார்ந்து, நாளைக்கு யாரை எங்கே அனுப்புவது என்ற பட்டியலை எடுத்துக்கொள்கிறார்.