மூலைக் குழியின் நீலம்

என் குறிப்பேட்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. பரிசோதனைத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் சீரம் எனும் ரத்த நீரை விட்டதும் அதற்குரிய கட்டத்தில் டிக் அடிப்பது என் வழக்கம். அக்கா இறந்த பதினேழாம் நாள், வியாழக்கிழமை, இடது மேல் மூலையில் டிக் இல்லை.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பின்னால் இருந்த எங்கள் சிறிய ஆய்வகத்தில் உதவியாளர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவர். கடலோரக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறப்பவர். மலேரியா ஓயாத மலைக் கிராமங்களில் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் ரத்த நீர் எங்களுக்கு வரும். அதில் நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அளக்க, ஒப்பிட்டுப் பார்க்க, அது ஏற்கெனவே நிறைந்த ஒரு ரத்தம் வேண்டும். மலேரியாவில் பலமுறை விழுந்து எழுந்த அக்கா கையை நீட்டினார். அதைச் சிறு குப்பிகளில் பிரித்து உறைய வைத்தோம். ஒவ்வொரு தட்டிலும் மூலைக் குழி அவருடையது. மற்றவற்றை நான் நிரப்புவேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். “என் ரத்தத்த நான்தான் ஊத்துவேன். நீ ஊத்துனா அது கோச்சிக்கும்” என்பார். சாயம் சேர்த்ததும் முதலில் நீலமாவது அந்தக் குழிதான். “பாத்தியா தம்பி, இங்கயும் நாந்தான் ஃபர்ஸ்ட்டு.”

மாரடைப்பில் ஒரே நாளில் போய்விட்டார். அப்போது ஒரு தட்டு பாக்கி, அவருடைய குப்பியும் ஒன்றே பாக்கி. அவர் மகள் வந்து அதைக் கேட்டாள். “சாம்பல கடல்ல வுட்டாச்சு அண்ணா. இது மட்டும் இன்னாத்துக்கு இந்தக் குளுர்ல கெடக்கணும்?” கடைசித் தட்டுக்கு வேண்டும், தர முடியாது என்றேன்.

அந்த வியாழக்கிழமை தட்டை நிரப்பினேன். மூலைக் குழி முதலில் நீலமானது. நீலத்தின் அடர்த்தியாகக் கருவி காட்டிய எண்ணை எழுதிக்கொண்டேன். மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன்: பனிக்கட்டிப் பெட்டியில் அக்காவின் குப்பி, மூடி திறக்காமல். மூன்று வருடப் பழக்கத்தில் மூலையை அவருக்கென்று விட்டுவிட்டிருக்கிறேன். பக்கத்துக் குழியிலிருந்து துளி தெறித்திருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த எண், முந்தைய தட்டில் அவருடைய குழி காட்டிய அதே எண்.

அந்த எண்ணை அப்படியே அக்காவுடையதாக ஏற்றுக்கொண்டால் குப்பியை மகளிடம் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. குழந்தைகளின் கணக்குதான் பொய்யாகிவிடும். அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

“நீ மறந்துட்டியேன்னு அதுவே வந்து ஊத்திக்கினு போயிருக்கும்” என்றாள். “அம்மா வேலைய பாதில வுட்டுட்டு வூட்டுக்கு வந்ததே இல்ல. முடிச்சி அனுப்பு அண்ணா.”

அந்தத் தட்டு செல்லாது என்று எழுதிவிட்டு, மறுநாள் குழந்தைகளின் மிச்சமிருந்த ரத்த நீரில் மறுபடி செய்தேன். குப்பியைத் திறந்து மூலையை முதலில் நிரப்பி, டிக் அடித்தேன். மற்ற குழிகள் ஒவ்வொன்றாக நீலமாயின. மூலை மட்டும் தெளிந்த நீராகவே நின்றது. எல்லாம் முடிந்த பிறகு, எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுகிறவரைப் போல, மெல்ல நிறமேறியது. எண்ணில் மாற்றமில்லை.

ஆய்வகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கேக் கடை. தேதிகளைச் சரிபார்க்கக் குறிப்பேட்டைப் புரட்டும்போதெல்லாம் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் நிற்கிறேன். காலிக் கட்டத்தில் இன்றுவரை டிக் அடிக்கவில்லை. நான் ஊற்றவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.