தெரு காத்த தூக்கம்

எண்பதுகளின் கடைசியில் கீழ்க்கட்டளையில் எங்கள் தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்க மறந்துபோனார்கள். "தூங்கினானா?" என்றுதான் கேட்டார்கள். என் அண்ணனைப் பற்றிய கேள்வி அது.

குரோம்பேட்டையில் லேத் பட்டறை வேலைக்குப் போனவன், அங்கே கிடைத்த சிநேகிதத்தில் பிரவுன் சுகர் என்ற போதைப்பொடிக்குப் பழகிவிட்டான். நாங்கள் விழித்துக்கொள்வதற்குள் ஆள் பாதியாகியிருந்தான். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கண் பட்டிருக்கிறது என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். வயலெல்லாம் மனையாகிப் போனதுகூட எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது, இது புரியவில்லை.

புரிந்தபோது பிள்ளையார் கோயில் வாசலில் கூடி முடிவெடுத்தார்கள். ஆஸ்பத்திரி வேண்டாம், பெயர் கெடும். பிள்ளையை வெளியே விடாமல் தெருவே முறை போட்டுக் காவல் இருக்கும். காலையில் இஸ்திரிக்காரர், பகலில் கணக்கு வாத்தியாரின் மனைவி, சனிக்கிழமைகளில் பதினாலு வயது நான். அண்ணன் இரவு பகலாகக் கண்மூடவில்லை. வாந்தியும் நடுக்கமுமாக, "எலும்பெல்லாம் எரியுதும்மா" என்று அவன் கத்தியது தெருமுனை வரை கேட்டது. தூங்கிவிட்டான் என்றால் பிழைத்துவிட்டான் என்று நாங்களே ஒரு வைத்தியம் கண்டுபிடித்துக்கொண்டோம்.

மூன்றாவது வாரம் கொஞ்சம் சாப்பிட்டான். சனிக்கிழமை, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், "முடி வெட்டிக்கிட்டு வந்துடறேன், அம்மாகிட்ட சொல்லாதே" என்று சிரித்தான். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு. நான் அதில் விழுந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் திரும்பினான். முடி அப்படியே இருந்தது. "கடை மூடியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தவன், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான்.

அம்மா வந்து பார்த்து அழுதேவிட்டாள். செய்தி வீடு வீடாகப் போனது. அப்படியொரு பகலை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ரேடியோக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கோயில் மணியின் நாக்கில் யாரோ துணியைச் சுற்றினார்கள். குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்தார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியைப் பூ வைப்பதுபோல் கீழே வைத்தார். குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வேப்பம்பூ உதிர்வது தெரிந்தது, தெரு தண்ணீருக்கடியில் கிடப்பதாகத் தோன்றியது. மீனம்பாக்கத்துக்குத் தாழப் பறந்த விமானத்தை மட்டும் யாராலும் அதட்ட முடியவில்லை. அந்த அமைதிக்கு நடுவில் அண்ணனின் குறட்டை சீராக, ஆழமாக வந்துகொண்டிருந்தது. வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் வெளியே போனதை நான் சொல்லவில்லை. ஊரே சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது? இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

அப்போதுதான் கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அக்கா தெருவில் நுழைந்தாள். அவள் குரலுக்குச் செத்தவனும் எழுந்து உட்காருவான். "இன்னாமா, தெருவே எழவு வூடு மாதிரி கீது?" என்றாள். பத்துக் கைகள் வாயில் விரல் வைத்துக் காட்டின. அம்மா கிசுகிசுத்தாள்: "பையன் தூங்கறான் அக்கா. இருபது நாளைக்கு அப்புறம்."

மீன்காரி கூடையை இறக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குறட்டை ஒன்று வந்தது. அடுத்தது வர நேரமாயிற்று.

"புள்ள வெளிய போச்சா?" என்றாள். எல்லோரும் இல்லை என்றார்கள். அவள் என்னை மட்டும் பார்த்தாள். "நீ சொல்லு கண்ணு."

"போச்சு" என்றேன்.

கூடையைத் தெருவில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அண்ணனின் உதடு நாவற்பழம் தின்றவன் உதடாக இருந்தது. "இது தூக்கம் இல்லமா! ஆட்டோ கூப்டுங்க!" என்று அலறியபடி அவன் கன்னத்தில் அறைந்தாள். ஆட்டோவில் அவன் தலை அவள் மடியில். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அறைந்துகொண்டே, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தாள். ஊசி போட்ட டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்றார். பெயர் கெடும் என்று பயந்த அதே தெரு, அதற்குப் பிறகு முறை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துப் போனது.

அண்ணன் வீட்டுக்கு வந்த வாரம், மீன்கார அக்கா எங்கள் வாசலில் சங்கரா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா சட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிக்கா உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"எம் மூத்தவன் இப்டி தான் கொறட்ட வுட்டுகினு இருந்தான். பாவம், தூங்கட்டும்னு நான் தான் அக்கம்பக்கத்துல சத்தம் போடாதீங்கன்னு சொல்லிகினு இருந்தேன்."

அம்மா சட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே அண்ணன் இருமினான்.

"முழிச்சிகினு கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அக்கா அடுத்த மீனை எடுத்தாள்.