கொண்டையும் கொண்டேயும்

அவளுடைய தலைமுடியின் மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் தயாராக இல்லை. அவள் ஓட்டத்தின் மேலும் பொறாமைதான், எகிறிப் பந்தைப் பிடிக்கும் கையின் மேலும் பொறாமைதான். ஆனால் அதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் மானம் போய்விடும். முடியைப் பற்றி என்றால் பெண்பிள்ளைகள் எவ்வளவு வேண்டுமானாலும் குறை பேசலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அதனால் என் வயிற்றெரிச்சல் முழுக்க அங்கேயே போய் விழுந்தது.

எங்கள் வீடு மஹய்யாவையில். நான் கண்டி டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து நெட்போல் டீமில் நான்தான் சென்டர். அந்த ஆட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் ஓர் எல்லை உண்டு, தாண்டினால் விசில். கோல் போடும் அரைவட்டங்கள் இரண்டையும் விட்டால் மைதானம் முழுக்க ஓடித் திரிய உரிமை உள்ளவள் சென்டர் மட்டும்தான். நடுவில் நின்று பந்தை வீசி ஆட்டத்தைத் தொடங்குபவளும் அவள்தான். ‘சி’ எழுத்துப் போட்ட துணியை நெஞ்சில் கட்டிக்கொண்டு அந்த நடுவட்டத்தில் போய் நிற்கும்போது எனக்கு யாரும் ஈடில்லை என்று இருக்கும்.

ஆனால் தலைமுடி என்று ஒன்று இருந்ததே. இடுப்பைத் தொடும் முடி எனக்கு. அடர்த்தி ஒன்றும் பெரிதாக இல்லை, நீளம்தான். அம்மா காலையில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து, இரண்டு பின்னல் போட்டு, மேலே மடித்து, வெள்ளை ரிப்பனால் கட்டி அனுப்புவார். அது வகுப்பில் உட்கார்ந்திருக்கச் சரி. நான்கு தடவை மைதானத்தைச் சுற்றி ஓடினால் எண்ணெயில் ரிப்பன் வழுக்கி ஒரு பின்னல் அவிழ்ந்து கன்னத்தில் அறையும். குனிந்து ரிப்பனைப் பொறுக்கும் நேரத்தில் பந்து கைமாறிவிடும். நானும் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிப் போட்டேன், அது முடியையும் சேர்த்துப் பிடுங்கியது. இரண்டு பின்னலையும் பிடரியில் குறுக்கே வைத்து ஊசி குத்தினேன், தலை வலித்தது. பிராக்டிஸ் உள்ள நாளில் எண்ணெய் வேண்டாம் என்றேன்.

“எண்ணெ வைக்காம பரட்டத் தலையோட போயி நின்னா, தாயில்லாத புள்ளன்னு நெனைப்பாங்க” என்றார் அம்மா. அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

எங்களுக்கு நெட்போல் சொல்லிக்கொடுக்க வேறொரு பள்ளிக்கூடத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஒரு மிஸ் வருவார். சிங்களவர். தமிழில் ‘ஓடு’, ‘பிடி’, ‘நல்லம்’ என்ற மூன்று சொற்கள்தான் தெரியும். வந்த புதிதில் எங்கள் பின்னல்கள் பறப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை ‘கொண்டே’யைக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். சிங்களத்தில் கொண்டே என்றால் தலைமுடி, அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளுக்கு அது கொண்டையாகக் காதில் விழுந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை டீமில் ஆறு பேர் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி கொண்டை போட்டு, வலை மாட்டி, ஊசி குத்தி வந்து நின்றார்கள். ஒருத்தியின் தாய் அதைச் சுற்றிக் கனகாம்பரமும் வைத்துவிட்டிருந்தார். மிஸ் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. முதல் எகிறலிலேயே ஊசிகள் தரையில் கொட்டின.

நான் மட்டும் பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பக்கத்து வீடுகளில் சிங்களவர்கள் இருந்ததால் எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மிஸ் சொன்னது கொண்டை இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஒருத்தியிடமும் சொல்லவில்லை. நான் ஒருத்தி மட்டும் சரியாக வந்து நிற்கவேண்டும் என்ற எண்ணம்தான், வேறென்ன. அன்றிலிருந்து மிஸ் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சென்டரும் நான், மிஸ்ஸின் வாயும் நான். தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அடுத்த பள்ளித் தவணையில்தான், நான் முதலில் சொன்ன அவள் வந்து சேர்ந்தாள். அம்பிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். நான் மனதுக்குள் அவளுக்கு வைத்த பெயர் அம்பிட்டியக்காரி. மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டாள், ஆனால் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் தொங்கும் முடி. கயிறு மாதிரி தடித்த இரண்டு பின்னல்கள். மடித்துக் கட்டினாலும் தோளுக்குக் கீழே வந்துவிடும். எனக்கு நீளமாவது இருக்கிறது என்று நினைத்திருந்தேன், அதிலும் மண் விழுந்தது.

அந்தப் பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் ஓடினாள் பாருங்கள். மலைப்பாதையில் ஏறி இறங்கிய கால்கள், எங்கள் செம்மண் மைதானம் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் அவள் இரண்டாவது பந்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள். மிஸ் ‘நல்லம், நல்லம்’ என்று மூன்று சொற்களில் ஒன்றை அவளுக்கே முழுக்கச் செலவழித்தார். வலய மட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒருநாள் மிஸ் என்னிடமிருந்து ‘சி’ துணியை வாங்கி, சும்மா பார்ப்போமே என்று அவளுக்குக் கட்டிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு அவளுடைய பின்னல் அவிழ்ந்து எதிரில் நின்றவளின் கண்ணில் அடித்துவிட்டது. மிஸ் விசில் அடித்து அவளைக் கூப்பிட்டார்.

“கொண்டே ஹொந்தட்ட பெந்தகென எண்ட” என்றார். முடியை நன்றாகக் கட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார், தமிழில் சொல்லு என்று.

நான் அவள் பக்கம் திரும்பினேன். முன்கூட்டி யோசித்தெல்லாம் வைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

“முடிய வெட்டிட்டு வரணுமாம். இல்லாட்டி டீம்ல எடுக்க மாட்டாங்களாம்.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கட்டாயமா வெட்டணுமா?” என்று கேட்டாள்.

“கட்டாயமாம்” என்றேன்.

தோட்டத்தில் வயதுக்கு வந்த பிள்ளையின் முடியில் கத்தரிக்கோல் வைக்க எந்தத் தாய் தகப்பன் விடுவார்கள்? கோயிலுக்கு நேர்ந்து மொட்டை போட்டால் உண்டு, அதைவிட்டால் இல்லை. இனி அவள் பிராக்டிஸுக்கு வரமாட்டாள் என்று என் கணக்கு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சந்தோஷம் கூட.

திங்கட்கிழமை காலையில் அவள் காது மடல் அளவுக்கு வெட்டிய முடியோடு கேட்டுக்குள் நுழைந்தாள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. பள்ளிக்கூடமே அவளைச் சுற்றி நின்றது. யார் வெட்டினார்களோ, பின்பக்கம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் இருந்தது. அதுவும் அவளுக்கு எடுப்பாக இருந்ததுதான் கொடுமை. கழுத்து நீண்டு தெரிந்தது. பள்ளிக்கூடத்து அதிபர் கூப்பிட்டு விசாரித்தபோது அவள் என்ன சொன்னாளோ, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். நான் அன்று முழுக்க, யாராவது என்னைக் கூப்பிட வருவார்கள் என்று வகுப்பு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பின்னேரம் மிஸ் அவளைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார். பிறகு அவள் தலையைத் தடவி, “ஷோக்” என்றார், ஜோராக இருக்கிறது என்று.

ரிப்பன் இல்லை, ஊசி இல்லை, ரப்பர் வளையம் இல்லை. நெற்றியில் விழும் முடிக்கு ஒரேயொரு கறுப்புக் கிளிப். ஆட்டம் முடிந்ததும் குழாயடியில் தலையை அப்படியே நீட்டி நனைத்து, நாலு உதறு உதறினாள், காய்ந்துவிட்டது. நான் பக்கத்தில் எண்ணெயும் வியர்வையும் வழிய, சிக்குப் பிடித்த பின்னலைப் பிரித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கழுத்தில் காற்றுப் படுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன். யோசித்ததும் இன்னும் எரிந்தது.

‘சி’ துணி அவளுக்குப் போனது. எனக்கு விங் டிபென்ஸ், நாங்கள் கோல் போடும் பக்கத்தில் கால் வைக்கவே முடியாத இடம். வீட்டுக்கு வந்து, நானும் முடி வெட்டிக்கொள்ளட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பார்த்தேன். “வெளக்குமாறு பிஞ்சிரும்” என்றார் அம்மா, சோற்றை வடித்துக்கொண்டே.

வலயப் போட்டியில் நாங்கள் முதல் ஆட்டத்தில் வென்றோம், அடுத்ததில் மூன்று கோலால் தோற்றோம். அவள் ஆடியதைப் பார்த்து வேற்றுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடக் கை தட்டினார்கள். எனக்கு இரண்டு தடவை ரிப்பன் கழன்றது.

முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோது ஒரு பெண் என்னை மறித்தார். அம்பிட்டியக்காரியின் அம்மா. கொழுந்துப் பறிப்பை அரைநாளோடு விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தார்.

“நீங்கதான் அந்த மிஸ்ஸு சொல்லுறத தமிழ்ல சொல்லுற புள்ளையா?”

ஆமாம் என்றேன்.

“முடிய வெட்டச் சொன்னாங்கன்னு இவ வந்து நின்னப்ப, இவ அப்பா ரெண்டு நாளு சாப்புடல. நான்தான் வெட்டுனேன், அழுதுகிட்டே. இன்னைக்கு இவ ஓடுறதப் பாத்தப்பதான் மனசு ஆறுச்சு. மிஸ்ஸு சொன்னா சரியாத்தான் இருக்கும், என்ன?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது அவளைத் தனியே இழுத்துப் போய், மிஸ் வெட்டச் சொல்லவில்லை, கட்டத்தான் சொன்னார், நான் பொய் சொன்னேன் என்று கொட்டிவிட்டேன். அவள் அழுவாள், இல்லையென்றால் அறைவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போனேன்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“எங்க லயத்து வீட்டுக்குக் கீழ முழுக்கச் சிங்கள கிராமந்தான். சின்னதுல இருந்து அந்தப் புள்ளைங்களோடதான் வெளையாடுறேன். பெந்தகென எண்டன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் வெட்டுன?”

“நாலு வருஷமா வெட்டணும் வெட்டணும்னு கேக்குறேன், அப்பா விடல. மிஸ் சொன்னாங்க, இல்லாட்டி டீம்ல எடுக்க மாட்டாங்கன்னு சொன்னா அவரு என்ன செய்வாரு? எனக்கு அப்படி ஒரு காரணம் தோணவே இல்ல. நீதான் சொல்லிக் குடுத்த.” என் பின்னலை ஒரு பார்வை பார்த்தாள். “நீ ஏன் ஒன் வீட்டுல சொல்லல?”

அவளுடைய பஸ் வந்தது, அம்மாவோடு ஏறிப் போய்விட்டாள். நான் செய்த ஒரே துரோகம், அதிலும் அவள்தான் லாபம் பார்த்திருக்கிறாள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். என் வாயிலிருந்து வந்த பொய், எனக்கு ஆகாமல் அவளுக்கு ஆகியிருக்கிறது. மஹய்யாவை வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அம்மா சீப்போடும் எண்ணெய்ப் போத்தலோடும் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

“அம்மா, மிஸ் முடிய வெட்டச் சொல்றாங்க. இல்லாட்டி டீம்ல எடுக்க மாட்டாங்களாம்.”

அம்மா ரிப்பனை அவிழ்த்தார், எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினார்.

“அதான் போட்டி முடிஞ்சிருச்சே” என்றார். “தலையக் குனி.”